எண் ஏன் மாறியது என்றுதான் கேட்பார்கள்

பி.காம். முடித்துவிட்டு தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வட சென்னைப் பக்கமிருந்து என்னிடம் கேட்க வரும் தம்பி தங்கைகளின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, சி.எஃப்.ஏ. பண்ணலாமா, இல்ல எக்செல் கோர்ஸ் சேரலாமா?" சி.எஃப்.ஏ. என்பது முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசத் தேர்வு. இரண்டுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் பைனான்ஸ் அனலிஸ்ட் ஒரு கம்பெனிக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று தெரியாமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

டி.வி.யில் பங்குச் சந்தை பற்றிப் பேசுபவர் வேறு, நாங்கள் வேறு. மாதக் கணக்கை முடித்ததும் எங்கள் வேலை சூடுபிடிக்கும். பட்ஜெட்டில் போட்டது என்ன, நடந்தது என்ன, இடைவெளி எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். அடுத்த காலாண்டுக்கு ஃபோர்காஸ்ட், அதாவது வரவு செலவு எப்படி இருக்கும் என்ற கணிப்பு, போட வேண்டும். ஃபேக்டரியில் புது மெஷின் கேட்டால், போடும் பணம் எப்போது திரும்பும் என்று கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்டர்வியூவில் வரும் டெஸ்டும் இதையொட்டித்தான் இருக்கும். எனக்கு வந்தது மாதிரி ஒன்று சொல்கிறேன். பட்ஜெட்டில் 10,000 பீஸ், விலை 200 ரூபாய். விற்றதோ 9,000 பீஸ், விலை 215 ரூபாய். 20 லட்சம் வரவேண்டிய இடத்தில் 19,35,000 வந்திருக்கிறது, 65,000 குறைவு. அதோடு நிறுத்துபவர்தான் அதிகம். பிரித்துப் பாருங்கள். 1,000 பீஸ் குறைந்ததில் 2 லட்சம் போனது. விலை 15 ரூபாய் ஏறியதில் 1,35,000 வந்தது. கேட்பவருக்கு வேண்டியது அடுத்த கேள்வி: விலையை ஏற்றியதால்தான் கஸ்டமர் ஓடினாரா, அல்லது சரக்கு அனுப்பத் தாமதமா? "விற்பனை குறைந்ததால் வருமானம் குறைந்தது" என்று எழுதினால் அது காரணமே இல்லை. எண்ணையே வார்த்தையில் திருப்பி எழுதியதுதான்.

இன்னொரு கேள்வி கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் வரும். தேய்மானம் (மெஷின் போன்ற சொத்தின் மதிப்பு குறைவதைச் செலவாக எழுதுவது) 10 ரூபாய் கூடினால் லாப நட்டக் கணக்கு, ரொக்க ஓட்டம், பேலன்ஸ் ஷீட் என்ற மூன்று அறிக்கையிலும் என்ன ஆகும்? வரி 25 சதவீதம் என்று வையுங்கள். லாபம் 7.50 குறையும். தேய்மானத்துக்குக் கையிலிருந்து காசு போகாது, வரி மட்டும் 2.50 மிச்சம், அதனால் ரொக்கம் 2.50 கூடும். பேலன்ஸ் ஷீட்டில் சொத்து 10 குறைந்து ரொக்கம் 2.50 ஏறுவதால் நிகரமாக 7.50 இறக்கம். எதிர்ப்பக்கம் சேர்த்துவைத்த லாபத்திலும் அதே 7.50 இறக்கம். இதை மனப்பாடம் செய்யாதீர்கள், பேப்பரில் போட்டுப் பாருங்கள். தேய்மானத்துக்குப் பதில் சரக்கு 10 ரூபாய் கூடினால் என்று கேள்வியை மாற்றிப் போட்டாலும் அப்போதுதான் தடுமாற மாட்டீர்கள்.

படிக்க எதை எடுப்பது? புத்தகத்தை விட ஆண்டறிக்கைதான் எனக்குக் கைகொடுத்தது. அதிலும் நம்ம ஏரியா கம்பெனிகள். மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையை எடுங்கள். 2022-23இல் 3,500 கோடி ரூபாய்க்கு மேல் லாபம். 2024-25இல் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அதே ஆலை, அதே ஆட்கள். அப்புறம் என்ன நடந்தது? ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தால் எத்தனை டாலர் மிஞ்சும் என்ற கணக்கை, அதாவது ஜி.ஆர்.எம்.மை, தேடிப் பிடியுங்கள். கச்சா விலை இறங்கும்போது, முன்பு அதிக விலையில் வாங்கி டேங்கில் வைத்த எண்ணெய் எப்படி லாபத்தைக் கடிக்கிறது என்பதும் அங்கேயே புரியும். திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப்.-ஐ எடுத்தால் ரப்பர் விலை, எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டை எடுத்தால் லாரி விற்பனையின் ஏற்ற இறக்கம். எல்லாம் கம்பெனி இணையதளத்தில் இலவசம்.

"லாபம் இருக்கு, கையில காசு இல்ல" என்பது வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்காரர்கள் எப்போதும் சொல்வது. சரக்கு 60 நாள் கடையில் கிடக்கிறது, வாங்கியவர் 30 நாள் கழித்துப் பணம் தருகிறார், மில்லுக்கு 45 நாளில் கட்ட வேண்டும். 60-உம் 30-உம் கூட்டி 45-ஐக் கழித்தால் 45 நாள் சொந்தக் காசோ வட்டிக் காசோ மாட்டிக்கொண்டிருக்கும். பெரிய கம்பெனியிலும் இதே கணக்குதான், சைபர்தான் கூட.

எக்செல் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நிபந்தனைப்படி கூட்ட சம்இஃப்ஸ், தேடி எடுக்க எக்ஸ்லுக்அப், தொகுத்துப் பார்க்க பிவட், டேட்டாவைச் சுத்தம் செய்ய பவர் குவெரி போதும். ஃபார்முலாவுக்குள் எண்ணை நேரடியாக அடிக்காதீர்கள். அனுமானங்களுக்குத் தனி ஷீட் வையுங்கள். மேக்ரோ, கலர் கலராக டாஷ்போர்டு எல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சி.எஃப்.ஏ. நல்ல படிப்பு, ஆனால் அதன் சாய்வு முதலீட்டுப் பக்கம். முதல் லெவலில் 180 கேள்விகள், 2 மணி 15 நிமிடம் வீதம் இரண்டு அமர்வுகள், ஃபீஸ் டாலரில். கம்பெனிக்குள் பட்ஜெட், காஸ்டிங் வேலைதான் இலக்கு என்றால் செலவுக் கணக்குப் படிப்பான சி.எம்.ஏ.வின் இன்டர் இன்னும் நேரடியாக உதவும், செலவும் குறைவு. இது என் கருத்து, சி.ஏ. நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இங்கிலீஷ் பயத்துக்கு ஒரு பயிற்சி. ஒரு கம்பெனியின் காலாண்டு முடிவை எடுத்து, எது மாறியது, ஏன், இனி என்ன என்று மூன்று வரி எழுதுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். வீட்டில் இடமில்லையென்றால் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, எழும்பூர் கன்னிமாராவும் இருக்கிறது.

ஜூன் காலாண்டு முடிவை ஆகஸ்ட் 14-க்குள் கம்பெனிகள் வெளியிட்டாக வேண்டும். அசோக் லேலண்டின் முடிவு வந்ததும் முதலில் உங்கள் மூன்று வரியை எழுதிவிடுங்கள். பிறகு பங்குச் சந்தை அனலிஸ்ட்டுகளோடு கம்பெனி நிர்வாகம் பேசியதன் எழுத்து வடிவத்தைத் திறந்து, கேட்கப்பட்ட கேள்விகளில் எத்தனை உங்கள் தாளில் இருக்கிறது என்று பாருங்கள்.