போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடும் தம்பிகள் கையில் கட்டும் பேண்டை நம்ப வேண்டாம்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்காக ஒத்தக்கடை, மேலூர், அலங்காநல்லூர், திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றிலும் விடியும் முன்பே பையன்கள் ரோட்டில் இறங்கிவிடுகிறார்கள். இப்போது பலர் கையில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய, தூரமும் நேரமும் காட்டும் ஒரு ஃபிட்னஸ் பேண்டும் இருக்கிறது. ஓடி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே கையைத் திருப்பிக் காட்டுவார்கள், "அண்ணே பாருங்க, ஆறு நாப்பது!" அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷத்தோடு பயமும் வருகிறது. ஆறு நாற்பது என்ற நேரம் சரி. ஓடியது 1500 மீட்டர் என்று அந்தப் பேண்ட் சொல்கிறதே, அதை அளந்தது யார்?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பேண்ட் 1500 என்று காட்டும்போது அவன் உண்மையில் ஓடியது 1420 மீட்டர்தான் என்று வையுங்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு வித்தியாசம், பேண்டில் இதெல்லாம் சாதாரணம். அதே வேகத்தில் அளந்த மைதானத்தில் 1500 ஓடினால் 7 நிமிடம் 2 விநாடி ஆகிவிடும். மாதக்கணக்கில் தேறிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்த பையன் இரண்டு விநாடியில் வெளியே வந்து நிற்பான். அன்றைக்கு அவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அவன் வழக்கம்போலத்தான் ஓடியிருப்பான். இது அநியாயமாகப் படுவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விலை குறைந்த பேண்டுகள் பலவற்றில் ஜிபிஎஸ் கிடையாது. உள்ளே இருக்கிற சின்ன சென்சார் கை ஆடுவதை வைத்து ஸ்டெப் எண்ணுகிறது, ஆப்பில் நீங்கள் கொடுத்த உயரத்தை வைத்து ஒரு ஸ்டெப் இவ்வளவு நீளம் என்று ஒன்றை எடுத்துக்கொள்கிறது, இரண்டையும் பெருக்கித் தூரம் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். நடைக்கு உயரத்தில் நூற்றுக்கு 41, 42 பங்கு என்பது வழக்கமான கணக்கு. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஒரு ஸ்டெப் 70 சென்டிமீட்டர் சொச்சம் வரும். நடக்கிறவருக்கு அது போதும். ஓட ஆரம்பித்தால் ஸ்டெப்பின் நீளம் வேகத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று மெதுவாக ஓடுகிறவர் நிமிடத்துக்கு 160 ஸ்டெப் வைத்தால் ஒவ்வொன்றும் 78 சென்டிமீட்டர். அதே ஆள் ஆறு நிமிட வேகத்தில் 165 வைத்தால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். 1500-ஐ ஏழு நிமிடத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 4:40 வேகம் வேண்டும். அதற்கு நிமிடத்துக்கு 180 ஸ்டெப் வைத்தாலும் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 1.2 மீட்டர் இருக்க வேண்டும்.

ஓட்டத்துக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கும் பேண்டுகளும் உண்டு. அதுவும் சராசரி ஆளுக்கான கணக்குதான், உங்கள் கால் எப்படி விழுகிறது என்று அதற்குத் தெரியாது. இதில் ரொம்ப மோசமான இடம் கடைசி 300 மீட்டர். கால் கனத்துப்போய் ஸ்டெப் சுருங்கும், ஆனால் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாது, பேண்ட் பாட்டுக்குத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். செலக்‌ஷனில் பையன்கள் விநாடிகளை விடுவதும் அந்தக் கடைசி 300-இல்தான்.

சரி, காசு போனால் போகிறது, ஜிபிஎஸ் உள்ள வாட்ச்சே வாங்கிவிடலாம் என்று சிலர் வீட்டில் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அது பேண்டை விட எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதுவும் டேப் பிடித்து அளப்பதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து சிக்னல் கிளம்பி வந்து சேர எவ்வளவு நேரமானது என்று பார்த்து, குறைந்தது நான்கு செயற்கைக்கோளை வைத்து, நீங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. சிக்னல் ஒளியின் வேகத்தில் வருவதால் ஒரு மைக்ரோ விநாடி பிசகினாலே 300 மீட்டர் பிசகிவிடும். இவ்வளவு நுணுக்கமான வேலையை மணிக்கட்டில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பொட்டி செய்கிறது என்பதே பெரிய விஷயம். (2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துதான் அனுப்பியது. அதை நிறுத்திய பிறகுதான் ஓட்டக்காரர்களுக்கு ஜிபிஎஸ் என்று ஒன்று சாத்தியமானது.) வானம் நன்றாகத் திறந்திருக்கும் இடத்தில் சாதாரண போனுக்கு ஐந்து மீட்டர் அளவுக்குள் இடம் சரியாக வரும். வானம் மறைந்தால்தான் தொல்லை.

மதுரையில் இதைக் கண்ணால் பார்க்க நத்தம் ரோடு போதும். 2023 ஏப்ரலில் திறந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் தல்லாகுளத்திலிருந்து ஊமச்சிகுளம் பக்கம் வரை தலைக்கு மேலேயே வருகிறது. அதன் அடியில் தூண்களை ஒட்டி ஓடிவிட்டு, வீட்டுக்கு வந்து, நீங்கள் ஓடிய வழி என்று வாட்ச் மேப்பில் போட்டிருக்கும் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். நேர் ரோட்டில் ஓடியவரின் கோடு இடதுபக்கக் கடைக்குள் புகுந்து, ரோட்டைக் குறுக்கே தாண்டி, எதிர்ப்பக்க மாடி வீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வரும். தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோள்களைக் கான்கிரீட் மறைத்துவிடுகிறது, பக்கவாட்டில் வருகிற சிக்னலோ தூணிலும் சுவரிலும் பட்டுத் தெறித்துச் சுற்றி வருகிறது. சுற்றி வந்தால் நேரம் கூடும், நேரம் கூடினால் வாட்ச்சுக்கு நீங்கள் வேறு இடத்தில் இருப்பதாகத் தெரியும். அந்தக் கோணல்மாணலை எல்லாம் சேர்த்துக் கூட்டித்தான் தூரம் சொல்கிறது. பேஸ், அதாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற வேகம், 3:50 என்று காட்டும், பத்தே விநாடியில் 9:00 என்று காட்டும், நீங்கள் ஒரே சீராகத்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள். அந்த ரோட்டில்தான் ஓடியாக வேண்டும் என்றால் பாலத்தின் நிழலை விட்டு வெளியே, ரோட்டின் ஓரமாக ஓடுங்கள், கோடு ஓரளவு நேராகும்.

மாசி வீதிகளில் இரண்டு பக்கமும் கட்டடம் நெருங்கி நிற்பதால் இதே கதைதான், அளவில் கொஞ்சம் குறைவு. யானைமலை அடிவாரம் வேறு மாதிரி. மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ஒரே பாறை அது, அதை ஒட்டி ஓடும்போது ஒரு பக்க வானம் பாதி காணாமல் போய்விடுகிறது. நரசிங்கம் பக்கம் ஓடும் தம்பிகள், மலையை விட்டுத் தள்ளி வயல் பக்கம் ஓடிய நாளின் கோட்டையும் மலையை ஒட்டி ஓடிய நாளின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

திறந்த வெளியில்கூட சின்னச் சின்னப் பிழை இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இடத்தைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை, தூரத்துக்கு அது பொருந்தாது. நேர்கோட்டில் போகிறவரின் புள்ளிகள் இடமும் வலமுமாக விலகி விழுந்தால், அவற்றை இணைக்கும் கோடு நேர்கோட்டை விட நீளமாகத்தான் இருக்கும். அதனால் நேர் ரோட்டில் ஜிபிஎஸ் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும்.

திருப்பங்களில் தலைகீழ். நாங்கள் சுற்றி ஓடும் தெப்பக்குளம் சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர், நான்கு மூலையும் நறுக்கென்று திரும்பும். வாட்ச் பேட்டரியை மிச்சப்படுத்த நாலைந்து விநாடிக்கு ஒருமுறைதான் புள்ளி வைக்கிறது என்றால், மூலைக்கு முன்னால் ஒன்று, தாண்டி ஒன்று, நடுவில் குறுக்கே கோடு. சுற்றுக்கு நான்கு மூலையிலும் சில மீட்டர்கள் கழிந்துபோகும். எங்கள் ஓட்டக் குரூப்பில் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக முடித்தவர்கள் "எனக்கு 9.6 தான் காட்டுதுண்ணே" "எனக்கு பத்து தாண்டிருச்சேப்பா" என்று பேசிக்கொள்வது இதனால்தான். செட்டிங்ஸில் ஒவ்வொரு விநாடியும் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்கும் வாட்ச் என்றால் அதையும் போடுங்கள், தெறித்து வரும் சிக்னலைப் பிரித்தறிய அது நிஜமாகவே உதவுகிறது. வாட்ச்சைக் கட்டியதும் ஓட ஆரம்பித்துவிடாமல், சிக்னல் பிடித்துவிட்டது என்று காட்டும்வரை திறந்த இடத்தில் நில்லுங்கள். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை முழுதாகச் சொல்லி முடிக்க 30 விநாடி எடுத்துக்கொள்கிறது, முதல் கிலோமீட்டர் பல பேருக்குக் கிறுக்குத்தனமாக வருவதற்கு இந்தப் பொறுமையின்மைதான் காரணம்.

ஓடும்போதே திரையில் தெரியும் பேஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு நிமிட வேகத்தில் ஒரு விநாடிக்கு நீங்கள் நகர்வது 2.8 மீட்டர்கூட இல்லை. இடத்தில் வரக்கூடிய பிழையோ அதை விடப் பெரிது. சிக்னலின் அலைவரிசை மாற்றத்தை வைத்தும் வேகம் கணக்கிட முடியும் என்பதாலும், கடந்த சில விநாடிகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதாலும்தான் அந்த எண் ஓரளவாவது நிலையாக நிற்கிறது. சராசரி என்பதால் அது சற்று முன் நீங்கள் ஓடிய வேகம். அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக ஓடினால் கால்தான் வீணாகும். கடைசியாகப் பட்டனை அமுக்கியதிலிருந்து வந்த சராசரி வேகத்தைக் காட்டும் லேப் பேஸ் என்று ஒரு திரை இருக்கும், அதை வைத்துக்கொண்டு, தூரம் தெரிந்த இடத்தில் நீங்களே பட்டனை அமுக்குங்கள்.

ஹாஃப் மாரத்தான் ஓடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். 21.0975 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் முடிக்க 5:41 பேஸ். வாட்ச் முடிவில் 21.4 காட்டும் ஆள் வாட்ச்சின் 5:41-ஐ நம்பி ஓடினால் இரண்டு மணியைத் தாண்டி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். உடனே "ரூட்டைத் தப்பா அளந்துட்டாங்க" என்று குரூப்பில் சண்டை. சின்ன ஊர்ப் போட்டிகளில் அது உண்மையாகவும் இருக்கலாம், பைக் மீட்டரை வைத்து அளந்தவர்களும் உண்டு. முறைப்படி சான்றளித்த ரூட் என்றால் வாட்ச்சை வைத்து வாதாடக் கூடாது. முன் சக்கரத்தில் எண்ணிக்கைக் கருவி மாட்டிய சைக்கிளை, ஸ்டீல் டேப்பால் அளந்த தூரத்தில் பலமுறை ஓட்டிச் சரிபார்த்து, திருப்பங்களில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் ஓட்டி அளக்கிறார்கள். அப்படியும் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்க்கிறார்கள். கூட்டத்தில் ஒதுங்கி, வளைந்து, தண்ணீர் வாங்க ஓரம் போய் ஓடுகிற நாம் அதை விடக் கூடுதலாகத்தான் ஓடுவோம்.

மறுபடியும் 1500-க்கு வருகிறேன். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்து டிராக் கிடைக்கிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, முதல் லேனில் மூன்றே முக்கால் சுற்று. ஆனால் லேனைக் கவனியுங்கள். 400 மீட்டர் என்பது முதல் லேனுக்குத்தான். இரண்டாவது 407, நான்காவது 422, எட்டாவது 453 மீட்டர். உள்லேனில் பயிற்சி நடக்கிறது என்று எட்டாவது லேனில் ஒதுங்கி அதே மூன்றே முக்கால் சுற்று ஓடினால் 1700 மீட்டர் பக்கம் ஆகிவிடும். அதை 7:40-இல் முடித்துவிட்டு "எனக்கெல்லாம் வராதுண்ணே" என்று சொல்லும் பையன், உண்மையில் 1500-ஐ ஏழு நிமிடத்துக்குள் ஓடுகிறவன். அப்படிப்பட்டவன் மனம் விட்டுப் போய்விடக் கூடாது.

டிராக் இல்லாத ஊரில் என்ன செய்வது? ஸ்கூல் கிரவுண்டில் 200 மீட்டர் வட்டம் போட்டிருந்தால் பி.டி. மாஸ்டரிடம் கேட்டு ஒருமுறை டேப் பிடித்துச் சரிபார்த்துவிட்டு ஏழரைச் சுற்று ஓடுங்கள். ரோடுதான் என்றால், நேரான, வண்டி குறைந்த ஒரு துண்டைப் பாருங்கள். டேப்பால் 100 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். சைக்கிளின் முன் சக்கரத்தில் காற்று இறுக்கமாக இருக்கட்டும், டயரில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, அந்த 100 மீட்டருக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பெரிய சைக்கிளுக்கு 45 சுற்றுப் பக்கம் வரும், டயரைப் பொறுத்து மாறும் என்பதால் உங்கள் சைக்கிளுக்கு நீங்களே எண்ணுவதுதான் கணக்கு. இரண்டு மூன்று தடவை எண்ணி ஒரே எண் வந்தால், அதை வைத்து 750 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் பெயின்ட் அடித்துவிடுங்கள். போய்த் திரும்பினால் 1500. திரும்பும் இடத்தில் ஒன்றிரண்டு விநாடி போகும், அதனால் அங்கே 6:55-க்குள் வந்தால் மைதானத்தில் இன்னும் நன்றாகவே வரும். கிலோமீட்டர் கல் இருக்கிறதே என்று கேட்கலாம். ரோடு அகலப்படுத்தும்போது பிடுங்கி நட்டிருந்தால் தெரியாது, டேப்தான் உறுதி. ராணுவத்துக்குத் தயாராகிறவர்கள் 800 மீட்டரில் இன்னொரு பெயின்ட் கோடு போட்டுக்கொண்டால் 1.6 கிலோமீட்டரும் அங்கேயே ஆயிற்று. தங்கைகளுக்கு 400 மீட்டரில் ஒரு கோடு.

கையில் பேண்ட் இருந்தால் கழற்ற வேண்டாம். அதில் ஓடும் ஸ்டாப்வாட்ச் ரொம்பச் சரியானது, நேரத்தை அதிலேயே பாருங்கள். புது வாட்ச் வாங்கலாமா என்று கேட்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது, 50 மீட்டர் டேப் ஒன்றை ஊரில் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள், மிச்சக் காசுக்கு ஷூ.