ஷாக் மிஷின் வேலை: மே மாதக் குறிப்புகள்

மே 7, 2024

காட்பாடிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் இசிடி மிஷினைச் சோதிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இசிடி என்றால் தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பு வரவழைக்கும் மனநோய் சிகிச்சை, ஜனங்கள் ‘ஷாக்’ என்பது இதைத்தான். பழைய சைன் வேவ் மிஷின். வோல்டேஜுக்கு ஒரு குமிழ், நேரத்துக்கு ஒரு குமிழ், அவ்வளவுதான். மூளை அலையைப் பதிவு செய்ய வழியில்லை. வீட்டுக்கு வருகிற அதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், வோல்டேஜ் குறைந்து நெற்றிப்பொட்டுக்குப் போகும். வலிப்பு வரும், நோயும் குறையும். ஆனால் தேவைக்கு மேல் மின்சாரம் தலைக்குள் போவதால் குழப்பமும் மறதியும் அதிகம். இப்போதைய பிரீஃப் பல்ஸ் மிஷின் மில்லிசெகண்டு கணக்கில் விட்டுவிட்டு அனுப்புகிறது. பழைய மிஷினைவிடக் குறைந்த அளவு மின்சாரத்திலேயே வலிப்பு வந்துவிடும்.

‘பயன்படுத்த வேண்டாம்’ என்று ரிப்போர்ட் எழுதினேன். “நல்லாத்தானே ஓடுது தம்பி?” என்றார் மேனேஜர். ஓடினால் மட்டும் போதாது சார் என்றேன்.

மே 9

அங்கேயே, மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியையும் பார்த்தேன். கத்திரி வெயிலில் வறண்டு கிடக்கிறது. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 15

இன்று வேறு ஆஸ்பத்திரி, நல்ல மிஷின். நோயாளியின் தலைக்குப் பதிலாக 220 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, மின் அலையைக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். 800 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 800 வருகிறது.

வெளியே குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா. மகள் பேச்சில்லாமல், சாப்பாடில்லாமல் உறைந்துபோய் இருக்கிறாள். கேடடோனியா. இசிடி நன்றாகக் கேட்கிற நோய்களில் இது முக்கியமானது. “கரண்டு வச்சா புத்தி மழுங்கிடுமா சிஸ்டர்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சினிமாவில் பார்த்த பயம். சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார்: மயக்க ஊசி போட்டு, தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகுதான் மின்சாரம். கணுக்காலில் பிபி பட்டையை இறுக்கி, தசை மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போகாமல் தடுப்பார்கள். அந்தப் பாதம் துடிப்பதைப் பார்த்தும், மூளை அலையைப் பார்த்தும் வலிப்பைக் கணக்கிடுவார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். சிகிச்சையை ஒட்டிய காலத்து நினைவுகள் சில அழிந்துபோகலாம், சிலருக்கு அவை திரும்பாது என்பதையும் மறைக்கவில்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

மகளுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தார் அந்த அம்மா. எண்ணெய் இருந்தால் மின்சாரம் செலுத்த தலையில் வைக்கும் எலெக்ட்ரோடு சரியாகப் படியாது, மின்தடை கூடும். முதலில் தலையை அலசிவிட்டு வரச் சொன்னார்கள்.

மே 16

மயக்க மருந்தும் தசை மருந்தும் இல்லாமல் இசிடி கூடாது என்று நம் 2017 மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவே சொல்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் காப்பாளர் சம்மதத்தோடு, அந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். அமெரிக்காவில் 2018இல் கேடடோனியா, கடுமையான மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மட்டும் இந்த மிஷினின் ஆபத்துப் பிரிவை ஒரு படி இறக்கினார்கள், மற்றவற்றுக்கு இறக்கவில்லை. இது எனக்குச் சரியாகவே படுகிறது. ‘ஷாக் நல்லதா கெட்டதா’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த நோய்க்கு, எந்த மிஷினில், மயக்க டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா என்று குடும்பத்தார் கேட்க வேண்டும்.

மே 22

காட்பாடியிலிருந்து போன். மூளை அலைப் பதிவோடு புது மிஷினுக்கு கொட்டேஷன் கேட்கிறார்கள். அப்புறம், பழையதை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு விற்றுவிடலாமா என்றார் மேனேஜர். கூடவே கூடாது, வயரை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்றேன். நாளை காலை நானே போய் வெட்டிவிட்டு வருகிறேன்.