டிஸ்க் பிரேக் உரசல்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோடு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தொடங்கி 300 சொச்சத்தில் முடிகிறது. அதில் சைக்கிளில் இறங்கினேன். வழியெல்லாம் பிரேக் நன்றாகவே பிடித்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் ரெண்டு சக்கரத்திலும் சத்தம். முன்னால் சுற்றுக்கு ஒரு தடவை "சிங்". பின்னால் விடாமல் "ஸ்ஸ்ஸ்".

இந்த வித்தியாசத்திலேயே பாதி விடை இருக்கிறது. சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் உரசினால் ரோட்டர் (சக்கரத்தோடு சுற்றும் உலோகத் தட்டு) ஏதோ ஓர் இடத்தில் வளைந்திருக்கிறது. விடாமல் உரசினால் பெரும்பாலும் ரோட்டர் நிரபராதி. காலிப்பர் (பிரேக் பேடுகளைத் தாங்கி ரோட்டரைக் கவ்வும் பகுதி) நடுவில் நிற்கவில்லை, இல்லையென்றால் பேடைத் தள்ளும் பிஸ்டன் சரியாகத் திரும்பவில்லை.

வீடியோக்களில் எல்லோரும் எடுத்த எடுப்பிலேயே காலிப்பர் போல்ட்டைத் தளர்த்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேடுக்கும் ரோட்டருக்கும் இடையில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலே உரசும். அதனால் சைக்கிளைத் தரையில் நிறுத்தி, குயிக் ரிலீஸை (சக்கரத்தைப் பிடித்து வைக்கும் பூட்டு) தளர்த்தி, மேலிருந்து அழுத்தியபடி மறுபடி இறுக்கினேன். கையோடு ரோட்டரின் ஆறு போல்ட்டையும் டி25 கீ வைத்துப் பார்த்தாயிற்று. எதுவும் லூஸ் இல்லை. சத்தமும் மாறவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

முதலில் பின் சக்கரம். மாடிப்படி கம்பியில் கயிறு கட்டி சீட்டைத் தொங்கவிட்டேன். ஹைட்ராலிக் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது) உள்ள சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது எனக்குப் பிடிக்காது. லீவர் பக்கத்து எண்ணெய்த் தொட்டியில் கொஞ்சம் காற்று இருந்தாலும் அது ஹோஸுக்குள் போய் லீவர் தொளதொளத்துவிடும்.

காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தால் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. இடது பக்கம் வெளிச்சம் இருக்கிறது, வலது பக்கம் சுத்தமாக இல்லை. 5 எம்எம் ஆலன் கீயால் ரெண்டு போல்ட்டையும் காலிப்பர் ஆடும் அளவுக்குத் தளர்த்தி, லீவரை அழுத்தி ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு, மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினேன். ஒரே மூச்சில் ஒரு போல்ட்டை முறுக்கினால் காலிப்பரும் சேர்ந்து திரும்பிவிடும், செய்த வேலை வீண். என் பிரேக்கைச் செய்த ஷிமானோ கம்பெனி இதற்குச் சொல்லும் இறுக்கம் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. லீவரை நாலைந்து தடவை அழுத்திவிட்டுப் பார்த்தால் மறுபடியும் ஸ்ஸ்ஸ்.

லீவரை அழுத்தச் சொல்லி அக்கா மகனை நிறுத்திவிட்டு நான் குனிந்து பார்த்தேன். "மாமா, போதுமா?" என்று அவன் அலுத்துக்கொள்ளும் வரை பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. இடது பேடு மட்டும்தான் நகர்கிறது. அது ரோட்டரைத் தள்ளிக்கொண்டு போய் வலது பேடில் சாய்க்கிறது. வலது பிஸ்டன் சோம்பேறியாகிவிட்டது. இனி காலிப்பரை எத்தனை தடவை நடுவில் வைத்தாலும் நிற்காது.

ஜூன் 10, செவ்வாய்

ஹைட்ராலிக் காலிப்பரில் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங்கை நம்புவதில்லை (பேடுகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் பேடு ஆடாமல் இருக்கத்தான்). பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது, குறுக்குவெட்டில் சதுரமானது. லீவரை அழுத்தும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். லீவரை விட்டதும் பழைய நிலைக்கு வரும்போது பிஸ்டனையும் இழுத்துக்கொண்டு வரும். பேடு தேயத் தேய பிஸ்டன் சீலுக்குள் வழுக்கி முன்னால் நகர்வதும் இதே ஏற்பாட்டில்தான். பிஸ்டனைச் சுற்றி மண்ணும் பேடு தூளும் ஒட்டிக் காய்ந்துபோனால் இந்த வழுக்கல் நின்றுவிடும். ஒரு பக்கம் மக்கர் பண்ணினால் எண்ணெய் அழுத்தம் முழுவதும் சுலபமாக நகரும் மறுபக்கத்துக்கே வேலை கொடுக்கும்.

வைத்தியம் பொறுமையைக் கேட்கிறது. சக்கரத்தைக் கழற்றி, பேடுகளை எடுத்து சுத்தமான தாளில் மடித்து வைத்தேன். நன்றாக நகரும் பிஸ்டனை பிளாஸ்டிக் டயர் லீவரால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பிரேக் லீவரை மெதுவாக அழுத்தினால் சோம்பேறி ரெண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வருகிறது. அதற்கு மேல் போனால் பிஸ்டன் கழன்று எண்ணெய் கொட்டிவிடும். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்துச் சுற்றிலும் துடைத்தேன். கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஒரு சொட்டு மினரல் ஆயில், உள்ளே தள்ளல், மறுபடி வெளியே. இதையே திரும்பத் திரும்ப.

ஷிமானோவுக்கு மினரல் ஆயில்தான். டாட் (DOT) என்ற வேறு வகை பிரேக் திரவம் கேட்கும் பிரேக்குகளும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தொட்டால் சீல்கள் கெட்டுப்போகும். தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே பக்கம் போகவே வேண்டாம்; பேடில் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

இப்போது ரெண்டு பக்கமும் சேர்ந்து வருகின்றன. காலிப்பரை மறுபடி நடுவில் வைத்தேன். நிற்கிறது.

ஜூன் 13, வெள்ளி

முன் ரோட்டரை வளைக்க என் கையை நான் நம்பவில்லை. வழக்கமாகப் போகும் கடை அண்ணனிடம் கொண்டுபோனேன்.

"பஸ் லக்கேஜ்ல வீலைக் கழட்டிப் போட்டு வந்தீங்களா தம்பி?"

"ஆமாங்ணா."

"அதானுங்க. மேல எவனாச்சும் மூட்டையப் போட்டிருப்பான்."

இறக்கத்தில் சூடேறி வளைந்திருக்குமோ என்று கேட்டேன். சூட்டில் நெளியும் ரோட்டர் ஆறியதும் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும் என்றார். இறங்கிய உடனே சத்தம் கேட்டு அதை நிமிர்த்தப் போவதுதான் ஆபத்து; கையும் பொசுங்கும்.

முதலில் ரோட்டரின் தடிமன் பார்த்தார். புதிதில் 1.8 மில்லிமீட்டர், இப்போது 1.7. ரோட்டரிலேயே 1.5 என்று பொறித்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் நிமிர்த்துவதெல்லாம் வீண் வேலை, மாற்ற வேண்டியதுதான். பிறகு உரசும் இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டு, ஆல்கஹாலில் துடைத்த அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் பிடித்து, வளைத்தாரா தொட்டாரா என்றே சொல்ல முடியாத அளவுக்கு ஒரு அசைப்பு. சுற்றிப் பார்ப்பார், மறுபடி அசைப்பார். ரிம்முக்குக் கோட்டம் எடுத்துப் பழகிய கை. கூலியாக வாங்கியது ஒரு டீக்காசுதான்.

பஸ்ஸில் சக்கரத்தை ஏற்றினால் ரோட்டருக்கு இருபுறமும் தடித்த அட்டை வைத்துக் கட்டச் சொன்னார். காலிப்பரிலும் பேடுகளுக்கு நடுவே ஒரு அட்டை, யாராவது லீவரை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் மருதமலை அடிவாரம் வரை. முன் சக்கரம் அமைதி. பின் சக்கரமும் அமைதி, ஆனால் மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் மட்டும் லேசாக "சிக், சிக்".

கையால் சுற்றும்போது இல்லாத சத்தம் பாரம் ஏறும்போது வந்தால் சந்தேகம் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மேல்தான். நிறுத்தி, பின் டயரின் மேல்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். கொடக் கொடக். ஹப்பின் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. இதை இறுக்குவதிலும் ஒரு நுணுக்கம்: குயிக் ரிலீஸைப் பூட்டாதபோது துளியூண்டு ஆட்டம் இருந்து, பூட்டியதும் அது மறைய வேண்டும். மொத்தமாக இறுக்கினால் பேரிங் அரைபடும்.

மெல்லிசான கோன் ஸ்பேனர் என்னிடம் இல்லை. செவ்வாய்க்கிழமை அண்ணன் கடைக்குச் சக்கரத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.