செவலையின் நாடி

பிப்ரவரி 3
தம்பி அபுதாபி பக்கம் அல் வத்பா போய்ச் சேர்ந்துவிட்டான். 160 கிலோமீட்டர் குதிரை ஓட்டம், அவன் பொறுப்பில் ஒரு சாம்பல் குதிரை. ராத்திரி அங்கேயும் குளிராம்.

பிப்ரவரி 4
காலையில் என் குதிரை செவலை கொள்ளுத் தீனியைத் தொடவில்லை.

பிப்ரவரி 4, ராத்திரி
திரும்பித் திரும்பி விலாவையே பார்க்கிறாள். முன்காலால் தரையைப் பறிக்கிறாள், படுக்கிறாள், உடனே எழுகிறாள். தாடைக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி நிமிஷத்துக்கு 56. சும்மா நிற்கும் குதிரைக்கு 28இலிருந்து 44க்குள் இருக்க வேண்டும். விலாவில் காதை வைத்தேன். இடது பக்கம் லேசாக ஒரு சத்தம், வலது பக்கம் சுத்தமாக ஒன்றும் இல்லை. நல்ல குதிரையின் வயிறு ஓயாமல் கடமுடா என்று பேசிக்கொண்டே இருக்கும், இந்த அமைதிதான் எனக்குப் பயம். டாக்டர் சேலத்திலிருந்து கிளம்பிவிட்டார். இந்தப் பனியில் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும் பாவம்.

பிப்ரவரி 5
வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, முதலில் வயிற்றில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் லிக்விட் பாரஃபின் எண்ணெய் இறக்கினார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது முன்னால்தான் போயாக வேண்டும். அடைப்பு என்கிறார், குடல் முறுக்கு மாதிரித் தெரியவில்லை என்கிறார். அந்த "மாதிரி"யைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நாடி ஏறினால் நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். எப்படிக் கொண்டுபோவது? லாரி கிடைக்கும், கேட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இந்த வயிற்றோடு நின்றுகொண்டே அத்தனை வளைவு இறங்குவாளா, நடுவில் படுத்துவிட்டால் யார் தூக்குவது, படுத்துப் புரண்டால் நல்ல குடலும் முறுக்கிக்கொள்ளுமோ, இதையேதான் யோசிக்கிறேன், சோறு இறங்கவில்லை. அந்தியூர்ச் சந்தையில் வாங்கி வந்தபோது இதே மலையில் லாரியில் கால் மாற்றாமல் நின்று வந்தவள்தான். அப்போது உடம்பில் வலி இல்லை.

பிப்ரவரி 6
இன்னும் லத்தி போடவில்லை. நாடி 52.

பிப்ரவரி 6, மதியம்
தம்பியிடமிருந்து நீளமான வாய்ஸ் மெசேஜ். "அண்ணா, ஈறு என்ன கலர்ல இருக்கு? கட்டை விரலால அழுத்தி விடு, ரெண்டு செகண்டுக்குள்ள செவப்பு திரும்பணும்." திரும்புகிறது என்று சொன்ன பிறகுதான் அவன் கதையைச் சொன்னான். விடியும் முன்னே எழுந்து தீனி வைத்து, தீனி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, ஜுரம் பார்த்து, நாலு காலையும் முழங்காலிலிருந்து குளம்பு வரை தடவி, எங்காவது சூடு தட்டுகிறதா என்று தேடுகிறானாம். நாளைக்கு ஓட்டம். குதிரை ஒரு சுற்று முடித்து வந்ததும் இவர்கள் நாலு பேரும் பாய்ந்து சேணத்தைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, வழித்து, மறுபடி ஊற்றி, 15 நிமிஷத்துக்குள் நாடியை 64க்குக் கொண்டுவர வேண்டும். வரவில்லை என்றால் குதிரை வெளியே. வந்த பிறகும் டாக்டர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், நொண்டினால் அதோடு சரி. "ஜெயிக்கிறது ஓட்டுறவர் கையில, 64 நம்ம கையில" என்கிறான். அவன் குரலில் தூக்கமே இல்லை.

பிப்ரவரி 7
அம்மா சேர்வராயன் கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள்.

காலை ஏழரைக்குச் செவலையை மெதுவாக நடத்திக்கொண்டிருந்தேன், தம்பி இருக்கும் இடத்தில் அப்போது ஆறு மணி. வெள்ளி ஓக் மரங்களுக்கு அடியில் நின்றாள். வாலைத் தூக்கினாள். போட்டாள்! ஏழெட்டு உருண்டை, கல் மாதிரி, மேலே எண்ணெய் மினுமினுப்பு. ஒன்றைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தேன், உள்ளே ஒரே காய்ந்த நார். டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். எண்ணெய் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எழுதினார். அதைப் படித்து அழுதுவிட்டேன். நாடி 44.

பிப்ரவரி 8
தம்பியின் குதிரை மூன்றாவது சுற்றோடு நிறுத்தப்பட்டது. நாடி இறங்கிவிட்டதாம், ஓட்டிக் காட்டும்போது பின்னங்கால் ஒன்றில் சின்னப் பிசகு. ராத்திரி முழுக்க அதன் பக்கத்திலேயே இருந்திருக்கிறான். மாசக்கணக்கில் உழைத்தது போச்சே என்று அம்மாவுக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாயில்லாத ஜீவன் எனக்கு வலிக்கிறது என்று சொல்லாது, அதற்காகச் சொல்ல அங்கே ஒருவர் நிற்கிறார், அவர் நிறுத்து என்றால் எவ்வளவு பெரிய ஆளின் குதிரையும் நின்றாக வேண்டும்.

இங்கே ஏரிக்கரையில், சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சவாரி விடுகிற இடத்தில், அப்படி யார் இருக்கிறார்கள்? மே மாசக் கூட்டத்தில், உச்சி வெயிலில், ஒரு சவாரி இறங்கும் முன்னே அடுத்தவர் காலைத் தூக்கி வைக்கிறார். கடிவாளத்தைப் பிடிக்கிற நாம்தான் நிறுத்த வேண்டும். நாலு சவாரிக்கு ஒருமுறை நாடி பார்ப்போம், தண்ணீர் காட்டுவோம், இறங்கவில்லை என்றால் நிழலில் கட்டுவோம் என்று மற்றவர்களிடம் பேசப்போகிறேன். "ஒரு நாள் வரும்படி போயிடுமே" என்பார்கள். போகட்டும்.

பிப்ரவரி 9
40. அருகம்புல் இரண்டு கைப்பிடி தின்றாள், இன்னும் கேட்டு மூக்கால் இடித்தாள்.

பிப்ரவரி 11
செவலையை எப்போது சவாரிக்கு இறக்குவீர்கள் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். டாக்டர் சொல்லாமல் இறக்க மாட்டேன். தம்பி குதிரைக்கு வீக்கம் குறைந்திருக்கிறதாம், நடையில் விடுகிறார்கள். தவிடு தீர்ந்துவிட்டது, நாளைக்குச் சேலம் போக வேண்டும்.