பத்து நிமிஷத்துல என்னத்த சொல்றது

கவர்மெண்ட் கிளினிக்ல டயட்டீஷியனா இருக்கேன், மலேசியாவுல பேராக் பக்கம் ஒரு எஸ்டேட் டவுன்ல. டவுன்னு சொன்னாலும் பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு மெயின் ரோடு, ரெண்டு பக்கமும் பழைய கடைவீடு, மாரியம்மன் கோயில், தமிழ் ஸ்கூல், வாரத்துல ஒருநாள் பசார் மாலாம்னு ராத்திரிச் சந்தை, அதத் தாண்டினா எங்க திரும்பினாலும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். நான் இந்த ஒரு கிளினிக்குக்கு மட்டும் ஆள் கெடையாது, மாவட்டத்துல இன்னும் சில கிளினிக்குக்கும் முறை வச்சு ஓடணும், அதனால இங்க உக்காந்திருக்கிற அன்னிக்கு மத்த ஊருல அந்த ரூம் பூட்டித்தான் கெடக்கும்.

இந்த வேலைக்கு வந்து நான் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். சாப்பாட்ட பத்தி ஜனங்களுக்கு நாம என்ன சொல்றோம்ங்கிறத கைட்லைன் முடிவு பண்றதில்ல, படிச்ச படிப்பும் முடிவு பண்றதில்ல, அன்னிக்கு எத்தனை ஸ்டாஃப் வேலைக்கு வந்திருக்காங்கங்கிறதுதான் முடிவு பண்ணுது. ஆள் இருந்தா ஒருத்தருக்கு அர மணி நேரம் கெடைக்கும். அர மணி நேரம் இருந்தா "காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்கண்ணே"ன்னு ஆரம்பிச்சு, வீட்டுல யாரு சமைக்கிறா, சம்பளம் எப்ப வரும், கடைசி வாரத்துல என்ன சாப்பிடுவீங்கங்கிற வரைக்கும் போயிரலாம். ஆள் இல்லன்னா பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துல சொல்ல முடிஞ்சது என்ன, சீனி கொறைங்க, சோறு கொறைங்க, எண்ணெய் கொறைங்க, நடங்க, அடுத்த அப்பாயின்மெண்ட்ட மறந்துறாதீங்க. எல்லாமே உண்மைதான், ஆனா வீட்டுக்குப் போயி செய்யறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. கூடவே 'சூக்கு சூக்கு செபாரோ' தட்டு போட்ட தாள் ஒண்ணு கையில குடுப்போம், கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, பாதித் தட்டு காயும் பழமும். நல்ல படம்தான், நான் அத கொற சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் தட்டுல சோறு ஒரு பக்கம், காய் ஒரு பக்கம்னு கோடு போட்ட மாதிரி இருக்கும், நம்ம வீட்டுல சோறு நடுவுல குமிஞ்சு நிக்கும், அது மேல கொழம்பு, ஓரத்துல கொஞ்சம் பொரியல், ஒரு துண்டு கருவாடு. அந்தக் கோட்ட எங்க போடறதுன்னு பக்கத்துல உக்காந்து காட்டறதுக்கே பத்து நிமிஷம் பத்தாது.

2019 தேசிய ஹெல்த் சர்வேல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதின்னு வந்துச்சு, இந்தியர்கள மட்டும் தனியா எடுத்துப் பாத்தா கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர். 2023 சர்வேல மொத்தக் கணக்கு 15.6க்கு எறங்கிச்சு, ஆனா எடை கூடினவங்க கணக்கு 50.1ல இருந்து 54.4க்கு ஏறிருச்சு. இந்த நம்பரு வர்றப்பல்லாம் மீட்டிங்ல யாராச்சும் ஒருத்தர் "இந்தியர்ங்க சொன்னா கேக்க மாட்டாங்க"ன்னு சொல்லுவாங்க, நம்ம ஆளுங்களே சொல்லுவாங்க. எனக்கு அப்ப வர்ற கோவம் ஒண்ணுதான், சொன்னது யாரு, எத்தனை நிமிஷம் சொன்னாங்க, அடுத்த தடவை அதே ஆள் அங்க இருந்தாங்களா?

தேத்தண்ணிய எடுத்துக்குங்க. தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டறவங்க விடியக்காத்தால எந்திரிச்சு ஒரு பெரிய மக்கு (கோப்பை) தேத்தண்ணி குடிச்சிட்டுதான் கெளம்புவாங்க, டின் பால் ஊத்தி. சாப்பாடுன்னு உக்காந்து சாப்பிடறது பத்து மணிக்கு மேலதான், அது வரைக்கும் அந்தத் தேத்தண்ணிதான் ஒடம்ப ஓட்டுது. டின் பால்னு பேருதான், கடையில இப்ப விக்கறதுல முக்காவாசி கிரீமர், பாமாயிலும் பால் பவுடரும் சேத்தது, அதுல கிட்டத்தட்ட பாதி சீனி. நம்ம ஆளு காட்டுல வெட்டிப் போட்ட குலைதான் டின்னுக்குள்ள போயி அவரு மக்குக்கே திரும்பி வருது, இத ஒருத்தர்கிட்ட சொன்னப்ப அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவருகிட்ட போயி தேத்தண்ணிய நிறுத்துங்கன்னா மண்டைய ஆட்டிட்டு போயிருவாரு, நிறுத்த மாட்டாரு, ஏன் நிறுத்தணும், நாலு மணி நேரம் வெயில்ல கம்பைத் தூக்கி வெட்டணுமே. அவருகிட்ட சொல்ல வேண்டியது வேற, தேத்தண்ணிக்கு முன்னாடி ரெண்டு அவிச்ச முட்டை, இல்ல ராத்திரி மிஞ்சின பருப்போட ஒரு சப்பாத்தி, அப்புறம் டின் பாலு மூணு கரண்டியில இருந்து ஒண்ணர, அப்புறம் ஒண்ணு. இது மூணு விசிட்டுக்கான பேச்சு, ஒரே ஆள் மூணு தடவையும் உக்காந்து பேசினாத்தான் நடக்கும். பாட்டில்ல விக்கிற இனிப்புத் தண்ணிக்கு சீனி வரி போட்டாங்க, 2019 ஜூலைல லிட்டருக்கு 40 காசு, இப்ப 90 காசு, நல்லதுதான், ஆனா வீட்டுல கலக்கற தேத்தண்ணிக்கு வரி ஏது, அதுக்கு ஆள்தான் வேணும்.

வெலையும் நம்ம பக்கம் இல்ல. கவர்மெண்ட்டு வெலைய புடிச்சு வச்சிருக்கிற சாமான் எதுன்னு பாருங்க, சீனி கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 85 காசு, பாக்கெட் எண்ணெய் கிலோ 2 வெள்ளி 50 காசு, உள்ளூர் வெள்ளை அரிசி கிலோ 2 வெள்ளி 60 காசு. நான் கொறைக்கச் சொல்ற மூணும் அதுவேதான். ஏழை வீட்டு அடுப்பு எரியணும்னுதான் இந்த ஏற்பாடு, அத தப்புன்னு சொல்ல வரல. ஆனா கேரட்டும் மீனும் அப்படி புடிச்ச வெலையில எப்பவும் கெடைக்கிறதில்ல. முன்னாடி தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல இருந்தப்ப பின்னாடி முருங்கை நிக்கும், தண்டுக்கீரை, வெண்டி, பாவக்கா, சில வீட்டுல மாடு. இப்ப தோட்டம் வித்து, லயத்த ஒடைச்சு, நெறைய பேரு டவுன் ஓரத்துல நாலாவது மாடி அஞ்சாவது மாடி வீட்டுக்கு வந்துட்டாங்க, அங்க முருங்கை எங்க நடறது. செம்பனைக்குள்ள பறிச்சுக்கலாம்னா மருந்து அடிச்ச எடம். நான் ஒரு அம்மாகிட்ட கீரை சாப்பிடுங்கம்மான்னு சொன்னதுக்கு "வாங்கிக் குடு, சாப்பிடறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, அதுல வெளையாட்டு பாதிதான்.

அடிக்கடி வர்ற இன்னொரு கேள்வி, "புழுங்கல் அரிசி சாப்பிட்டா இனிப்புநீர் வராதாமே மிஸ்ஸி?" நான் நர்ஸ் இல்லன்னு சொல்றத எப்பவோ விட்டுட்டேன், கிளினிக்ல இருக்கிற பொம்பள எல்லாரும் மிஸ்ஸிதான். இந்தக் கேள்வி வந்தா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், ஏன்னா நூறு வருஷத்துக்கு முன்னாடி புழுங்கல் அரிசி இந்த நாட்டுல உண்மையிலேயே உயிரக் காப்பாத்தியிருக்கு. அப்ப பெரிபெரின்னு ஒரு நோய், காலு வீங்கி, நரம்பு செத்து, நெஞ்சு நின்னு போயிரும். ஈய லம்பத்துல, அதாவது சுரங்கத்துல வேலை செஞ்ச சீனர்ங்க கும்பல் கும்பலா செத்தாங்க, தோட்டத்துத் தமிழர்ங்களுக்கு அது ரொம்பக் கம்மி. பிராடன்னு ஒரு டாக்டர் அவங்க திங்கிற அரிசியத்தான் சந்தேகப்பட்டாரு, சீனர்ங்க சாப்பிட்டது சயாம்ல (இப்ப தாய்லாந்து) இருந்து வந்த தீட்டின வெள்ளை அரிசி, நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து வந்த புழுங்கல். அப்புறம் 1905ல கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில வில்லியம் ஃப்ளெட்சர் அங்க இருந்தவங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் வெள்ளை அரிசி, ஒரு பக்கம் புழுங்கல்னு குடுத்துப் பாத்தாரு. வெள்ளை அரிசி பக்கம் நெறைய பேரு படுத்துட்டாங்க, செத்தும் போனாங்க, புழுங்கல் பக்கம் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. அடுத்தாப்ல ஃப்ரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான்ல ரோடு போடற ஜாவா ஆளுங்கள வச்சு அதையே உறுதி பண்ணினாங்க. நெல்ல அவிக்கிறப்ப தவிட்டுல இருக்கிற சத்து அரிசிக்குள்ள எறங்கிருது, பி1 வைட்டமின்னு பின்னாடிதான் பேரு வச்சாங்க. இந்தக் கதைய நான் தமிழ் ஸ்கூல் பசங்களுக்குக் கூட சொல்றது உண்டு, நல்லா கேப்பாங்க.

ஆனா இனிப்புநீர் வேற கதை. புழுங்கல் சோறு சீனிய கொஞ்சம் மெதுவா ஏத்தும், சரி, அதுக்காக மூணு தட்டு போட்டா மூணு தட்டுக்கும் ஏறத்தான் செய்யும். பொன்னி புழுங்கல் வெலையும் கூட. "மருந்து மாதிரி"ன்னு நம்பி, மகன் சம்பளத்துல அத வாங்கி, முன்னாடி சாப்பிட்டதவிட கூட சாப்பிட்டு, மூணு மாச ரத்த டெஸ்ட்ல எச்பிஏ1சி, அதாவது மூணு மாசத்து சராசரி சீனிக் கணக்கு, ஏறிப் போயி வந்து நிக்கிற பாட்டிங்க இருக்காங்க. அவங்களுக்கு நான் சொல்றது, இருக்கிற அரிசியே போதும் பாட்டி, சட்டியில போடற அரிசிய ஒரு பேணி (டின் கப்பு) கொறைங்க, பொரியல ரெண்டு மடங்கு பண்ணுங்க, அவ்ளோதான். இதுக்கும் அந்தப் பேணி எவ்ளோ பெருசுன்னு கேக்கணும், வீட்டுல எத்தனை பேருன்னு கேக்கணும். அந்த ஃப்ளெட்சருக்கு இந்தத் தலைவலியே இல்ல பாருங்க, சமையல் அவரு கட்டுப்பாட்டுல இருந்துச்சு, யாருகிட்டயும் பேசி சம்மதிக்க வைக்க வேண்டியதில்ல. எங்க வேலையில பேச்சுதான் மொத்தமும்.

எங்க கிளினிக்ல ஒரு நர்ஸ் அக்கா இருந்தாங்க, டயபெட்டிஸ் எஜுகேட்டர் வேலைய பாத்தவங்க. அவங்களுக்கு ஊர்ல யாரு வீட்டுல யாருன்னு அத்துப்படி. ஒருத்தரோட பச்சை புக்க, இனிப்புநீர்காரங்களுக்குக் குடுக்கிற கிளினிக் பதிவு புக்க, தொறக்கறதுக்கு முன்னாடியே "இவரு மருமக வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா, இப்ப மூணு வேளையும் டாப்பாவ்தான், கடைச் சாப்பாட்டுப் பொட்டலம்"னு எங்கிட்ட சொல்லிருவாங்க. அவங்க பிரமோஷன்ல மாறிப் போனாங்க, சந்தோஷமாத்தான் வழியனுப்பினோம். அந்த எடத்துக்கு ஆள் வர ரொம்ப நாளாச்சு, வந்தவங்களுக்கு தாய்சேய் பிரிவு வேலையும் சேத்துக் குடுத்தாங்க. புக்குல எல்லாம் எழுதியிருக்கே, பாத்துக்கலாமேன்னு மேல சொன்னாங்க. புக்குல சீனி அளவு இருக்கு, பிரஷர் இருக்கு, எடை இருக்கு. மருமக வேலைக்குப் போனது எந்தக் கட்டத்துல எழுதறது?

டாக்டர்ங்க கதையும் அதேதான். 2016 கடைசியில இருந்து புது டாக்டர்ங்கள கான்ட்ராக்ட்லதான் எடுக்கறாங்க, 2021 ஜூலை 26ஆம் தேதி நாடு முழுக்க கருப்பு சட்ட போட்டு ஹர்த்தால்னு வெளிய வந்து நின்னாங்களே, ஞாபகம் இருக்கும். நல்ல பசங்க, கெட்டிக்காரங்க, ஆனா ஊரு பழகறதுக்குள்ள வேற எடத்துக்கு போயிருவாங்க, சிலர் சிங்கப்பூருக்கே போயிருவாங்க, அவங்கள நான் எப்படி கொற சொல்றது. பேஷண்ட் பக்கம் இருந்து பாத்தா ஒவ்வொரு தடவையும் புது முகம், ஒவ்வொரு புது முகமும் முதல்ல இருந்து "சோறு கொறைங்க".

ஃபேக்டரி பஸ்ல போற பொம்பளைங்க இன்னொரு ரகம். சாயங்காலம் பஸ் ஏறி பன்னெண்டு மணி நேர நைட் ஷிஃப்ட், காலையில வந்து புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு தூங்குவாங்க. ஒருத்தவங்க மெட்ஃபார்மின் ஒழுங்கா எடுக்கறதில்லன்னு புக்குல சிவப்புல எழுதியிருந்துச்சு. உக்காந்து கேட்டா, மாத்திரை போட்டா வயிறு கலக்குது, பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல போகணும், நடுவுல எறங்க முடியாது, லைன்ல நின்னா சூப்பர்வைசர்கிட்ட கேட்டுத்தான் டாய்லெட்டுக்குப் போகணும். அவங்க மாத்திரைய விட்டது சோம்பேறித்தனம் இல்ல, அவங்க நெலமைக்கு அது சரியான கணக்கு. சாப்பாட்டோட போடணும், வெறும் வயித்துல கூடாதுங்கிறத யாரும் அவங்க டைம்டேபிளுக்கு மாத்தி சொல்லல, 'காலை சாப்பாட்டுக்கு அப்புறம்'னு எழுதியிருக்கு, அவங்களுக்கு காலைங்கிறது தூங்கற நேரம். டாக்டர்கிட்ட பேசி, மெதுவா கரையற மாத்திரைக்கு மாத்தி, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து சாப்பிடறப்ப போடச் சொன்னோம். அதுக்கப்புறம் விடாம எடுக்கறாங்க.

மாசமா இருக்கிற புள்ளைங்களுக்கு சொல்றது சுருக்கம்தான், ரத்த மாத்திரையோட (இரும்புச்சத்து மாத்திரை) தேத்தண்ணி குடிக்காதீங்க, ஒரு மணி நேரமாச்சும் தள்ளிக் குடிங்க, தண்ணியோட இல்ல ஆரஞ்சு மாதிரி புளிப்புப் பழத்தோட போடுங்க. இத மட்டும் யாரு சொன்னாலும் கேப்பாங்க, வயித்துல புள்ள இருக்கே.

புரட்டாசி வந்தா ஒரு மாசம் பூரா சைவம், கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா உருளைக்கெழங்கு, அப்பளம், எண்ணெயில பொரிச்ச சைவக் கோழி, சனிக்கெழம கோயில் அன்னதானம், பாயாசம், முடிஞ்சு வர்றப்ப சீனி எகிறியிருக்கும். சாமி விஷயத்துல டயட்டீஷியன் வாய விடக்கூடாதுன்னு எங்கம்மாவே எச்சரிச்சிருக்காங்க, அதனால நான் கோயில் சமையல் கமிட்டி அண்ணன்கிட்டதான் பேசினேன், அன்னதானத்துல ஒரு கறியாச்சும் பருப்பு போட்ட கீரையா இருக்கட்டும்னு. சரின்னாரு, செஞ்சாரு, பாயாசத்துல மட்டும் கை வைக்க விடல.

இப்ப ஒரு வழியா மேல பேசி செவ்வாய்க்கெழம மட்டும் எனக்கு அர மணி நேர ஸ்லாட் வாங்கியிருக்கேன், முதல் தடவை வர்றவங்களுக்கும் ஷிஃப்ட் வேலைக்காரங்களுக்கும். புக்கோட பின் அட்டையில ஒரு தாள் ஒட்டி, யாரு சமைக்கிறா, எத்தனை மணிக்கு வேலை, எந்தப் பேணி, என்ன பேசி முடிச்சோம்னு மலாய்லயே எழுதி வைக்கிறோம், அடுத்து வர்ற டாக்டரும் படிக்கணும்ல. செவ்வாய்ல நான் கம்மி ஆளுங்கள பாக்குறதால புதன்கெழம வரிசை வாசல் வரைக்கும் நிக்குது, கவுண்டர்ல இருக்கிற தம்பிக்கு எம்மேல வருத்தம், மாச ரிப்போர்ட்ல என் எண்ணிக்கை எறங்கிப் போச்சுன்னு ஒரு கடிதமும் வந்திருக்கு. பதில் எழுதிக்கிட்டு இருக்கேன், ரெண்டாவது விசிட்டுக்கு எத்தனை பேரு திரும்பி வந்தாங்கங்கிற கணக்கயும் சேத்து அனுப்பப் போறேன், அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லன்னாலும் பரவால்ல, ஓரத்துல எழுதிக்கிறேன்.