ஸோவா பாறையை வெந்நீரில் போடாதீர்கள்

ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர் மீன்தொட்டியில், ஸோவா என்கிற வேண்டாத பட்டன் பாலிப் (பாறைமேல் விரிப்பாகப் படரும் பவள வகை உயிரி) பரவிவிட்டால், பாறையை வெளியே எடுத்து ஒரு கொதி விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பாலிப் சாகும்தான். ஆனால் அதிலுள்ள பாலிடாக்ஸின் என்ற நஞ்சு கொதிநீரில் சிதையாது. ஆவியோடு நுண்துளிகளாக எழும்பி, பக்கத்து அறையில் தூங்குகிறவர் மூச்சு வரை போய்ச் சேரும். மீன்தொட்டி வைத்திருந்த குடும்பங்கள் மொத்தமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை கொதிநீர், ஸ்டீம், பிரஷ்ஷால் தேய்த்தல்.

1971ல் ஹவாயில் பாலிதோவா என்ற ஸோவா வகையின் ஓர் இனத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நஞ்சு இது. செல்லுக்குள் சோடியம், பொட்டாசியம் அளவைக் காக்கும் பம்பை, மூட முடியாத திறந்த வாசலாக மாற்றிவிடுகிறது. அதனால்தான் தசை, இதயம் எல்லாம் அடி வாங்குகின்றன. மாற்று மருந்து கிடையாது.

எல்லா ஸோவாவும் ஒன்றல்ல. நஞ்சு மிகுதியாகக் காணப்படுவது பாலிதோவா வகைகளில். ஸோவாந்தஸ் என்ற இன்னொரு வகையில் பெரும்பாலும் மிகக் குறைவு, அல்லது இல்லை. பாலிதோவா தன் சதைக்குள் மணல் துகள்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பாலிப்புகளை இணைக்கும் அடிவிரிப்பு தடிமனாக, வெட்டும்போது கத்தியில் நறநறவென்று பட்டால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸோவாந்தஸ் மணல் சேர்க்காது. ஆனால் கொளத்தூர் மீன்தொட்டிக் கடையில் சொல்லும் வியாபாரப் பெயரை நம்பி எதையும் பாதுகாப்பானது என்று முடிவு கட்ட முடியாது. கண்ணைப் பறிக்கும் விலையுயர்ந்த நிறங்களைவிட, பாறையோடு ஓசியில் வந்த மங்கலான பழுப்பு பாலிப்பிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும்.

சென்னை வீடுகளில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் அறை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையேதான் சுழற்றுகிறது. மே மாத வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்தி, ஏசி போட்டுக்கொண்டு பாறையை உடைப்பதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. பால்கனியோ மொட்டை மாடியோ சரியான இடம். சமையலறை சிங்க் வேண்டவே வேண்டாம். குழந்தைகளும் நாயும் பூனையும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

கைக்கு நைட்ரைல் கையுறை, அதன்மேல் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை. நகக்கண்ணில் சிறு வெட்டு இருந்தாலும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி போதாது. அமுக்கினால் பாலிப் பீச்சியடிக்கும், அது நேராக முகத்துக்கு வரும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். என்95 மாஸ்க் போடுங்கள், ஆனால் அதை நம்பி ஆவி கிளப்பாதீர்கள்.

ஃபிராக் (தனியே வளர்க்க எடுக்கும் சிறு துண்டு) வெட்டுவதென்றால், டேங்க் தண்ணீர் நிரப்பிய தட்டில், நீருக்கடியிலேயே வெட்டுங்கள். பாலிப்பின் தண்டை அல்ல, இரண்டு பாலிப்புக்கு நடுவிலுள்ள விரிப்பை ஸ்கால்பெல்லால் கீறுங்கள். பாறையையும் சேர்த்து எடுக்க போன் கட்டர் (எலும்பு வெட்டும் இடுக்கி) போதும். சுழலும் ரம்பம் சாரலைக் கிளப்பும். வெட்டிய துண்டுகளைப் புது உப்புநீரில் 2, 3 முறை அலசி, சூப்பர் க்ளூ ஜெல்லால் ஒட்டிய பிறகே டேங்கில் விடுங்கள். அலசிய நீர் டேங்குக்குப் போகக்கூடாது. அன்றைக்கே சம்ப்பில் (டேங்க் நீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி) புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் ஓடவிடுங்கள்.

நஞ்சை அழிப்பது ப்ளீச்தான். 0.1 சதவீதத்துக்குக் குறையாத சோடியம் ஹைப்போகுளோரைட், 30 நிமிடம். சேறும் சளியும் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் அதிகமாகவே வையுங்கள்: 9 லிட்டர் கழிவுநீருக்கு 1 லிட்டர் 5 சதவீத ப்ளீச் என்றால் 0.5 சதவீதம் வரும். வெயிலில் கிடந்த பழைய பாட்டில் வீரியம் இழந்திருக்கும், தேதி பார்த்து வாங்குங்கள். திறந்து வைத்த பிளீச்சிங் பவுடரும் நம் ஊர் ஈரக்காற்றில் அப்படித்தான். கத்தி, தட்டு, கையுறை எல்லாம் அதில் ஊறட்டும். பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு, வேலைக்கு வரும் அக்கா வந்து கழுவும்படி வைக்காதீர்கள். டேங்க் பம்பில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்க வினிகர் வைத்திருந்த பக்கெட்டிலோ, பாத்ரூம் ஆசிட்டோடோ ப்ளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரு விஷத்துக்குப் பயந்து இன்னொன்றை வரவழைத்த கதை ஆகிவிடும்.

பாறை முழுவதையுமே கைவிடுவதென்றால் தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், வெயிலில் காயவைத்து உடைக்காதீர்கள். காய்ந்த சளி தூசியாகும். மூடியுள்ள பக்கெட்டில், மாடியில், அதே ப்ளீச் கரைசலில் ஒரு நாள் முழுதும் மூழ்கட்டும். பாறை மறுபடி தேவையென்றால் பல முறை அலசி, கடையில் ஆன்டி-குளோரின் என்று விற்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட், ப்ளீச் அல்ல) கரைசலில் ஊறவைத்து, குளோரின் வாசனை முற்றிலும் போன பிறகு பயன்படுத்தலாம்.

டேங்குக்குள்ளேயே வெந்நீர் ஊசியோ சுண்ணாம்புக் குழம்போ போட்டு ஒரே நாளில் ஐம்பது பாலிப்பைக் கொல்வது இன்னொரு தவறு. அவை அழுகும்போது மீன்களும் மற்ற பவளங்களும் பலியாகலாம். பாறையோடு எடுப்பதே மேல்.

அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம்: வாயில் உலோகக் கசப்பு, குளிர்க் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், உடல்வலி. இங்கேதான் சிக்கல். மழைக்காலச் சென்னையில் இதைக் கேட்கும் எந்த டாக்டரும் வைரல், டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார். அதனால் "பாலிடாக்ஸின், பவளத்திலிருந்து" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஈசிஜி, பொட்டாசியம், தசைச் சிதைவைக் காட்டும் சிகே பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சிறுநீர் கறுத்தால் தாமதிக்காதீர்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், கருவிழி புண்ணாகிவிடும். மூச்சுத் தொந்தரவென்றால் வீட்டிலுள்ள எல்லோரும் வெளியேறி 108ஐ அழையுங்கள்.

இத்தனை பாடும் படாமலிருக்க, தொடக்கத்திலேயே ஸோவாவை முதன்மைப் பாறையில் ஒட்டாதீர்கள். மணல்மேல் தனியாக ஒரு சிறு பாறை, சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி. லைவ் ராக் (உயிரிகள் ஒட்டிய கடல்பாறை) என்ற பெயரில் மன்னார் வளைகுடாப் பக்கத்துப் பவளப் பாறை கிடைத்தால் தொடாதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செயற்கைப் பாறையில் ஒட்டிக்கொண்டு வரும் பழுப்பு பாலிப்பும் இருக்காது. விரிப்பு மணலைத் தொடும் வாரம், தனிப்பாறையோடு தூக்கி வெளியே எடுத்து வெட்டிவிடுங்கள்.