20 கிலோ அரிசியும் ஒரு நவம்பரும்

நவம்பர் 1, 2025, சனி

இன்று சம்பள நாள். திருப்பூரில் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் எங்கள் ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்கு எழுதுவது நான். கவரில் பணம் போடுவதும் என் வேலைதான். ஜூலையில் ஒரு டெய்லருக்கு வாரம் எட்டு ஷிப்ட், ஒன்பது ஷிப்ட் என்று எழுதிய அதே நோட்டில் இன்று நாலு, மூன்றரை என்று எழுதினேன். டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கும் பெண்களுக்கு மூன்று. கவரை வாங்கும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போடுகிறது. திருப்பூரிலிருந்து ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பனியன் துணி வெளிநாடு போகிறது, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. பெரிய கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் அவர்கள் முதலில் நிறுத்துவது எங்களைப் போன்ற யூனிட்டுக்குக் கொடுக்கும் வேலையைத்தான்.

ராத்திரி நியூ ஜெர்சியில் இருக்கும் கல்லூரித் தோழி கூப்பிட்டாள். அங்கே அக்டோபர் 1 முதல் அரசாங்க அலுவலகங்கள் மூடிக் கிடக்கின்றன, செலவுக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் நிறைவேறவில்லை. இன்றோடு ஏழைகளுக்கான உணவு உதவியும் நின்றுவிட்டதாம். 'ஸ்நாப்' என்பார்கள். மாதாமாதம் ஒரு அட்டையில் பணம் ஏறும், அதை வைத்து மளிகை வாங்கிக்கொள்ளலாம். எட்டில் ஒரு அமெரிக்கருக்கு, அதாவது சுமார் 4.2 கோடிப் பேருக்கு, அந்த உதவி போகிறது. இந்த ஜூலை 4-ல் வந்த சட்டம் அதற்கு இன்னும் நிபந்தனை போட்டிருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறவர், 14 வயதுக்குக் கீழே பிள்ளை இல்லாதவர் என்றால் மாதம் 80 மணி நேரம் வேலை பார்த்ததாகக் காட்ட வேண்டும். முன்பு 54 வயது வரை இருந்த கட்டாயம் இப்போது 64 வரை.

"உணவு வங்கி முன்னால் வரிசை ரோடு வரைக்கும் நிற்குதுடி" என்றாள். போனை வைத்த பிறகும் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. வரி போட்டு எங்கள் ஷிப்டைக் குறைத்த அரசாங்கமே தன் ஊர்க்காரன் தட்டிலும் கை வைத்திருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு ரேஷன் கடை உண்டு. கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு இதுதான் தோதான நாள். காலை எட்டு மணிக்கே பையும் கேனுமாக வரிசை.

எங்கள் கார்டுக்கு 20 கிலோ அரிசி இலவசம். கணக்கு எழுதும் கை சும்மா இருக்காது, வீட்டுக்கு வந்ததும் கூட்டிப் பார்த்தேன். கடையில் மட்டமான அரிசியே கிலோ 45 ரூபாய், ஆக 900. துவரம்பருப்பு இங்கே 30, வெளியே 115. பாமாயில் இங்கே 25, வெளியே 125. இரண்டு கிலோ சர்க்கரையில் ஒரு 40 ரூபாய். எல்லாம் சேர்த்தால் 1,125 ரூபாய் மிச்சம். ஒன்பது ஷிப்ட் வந்த மாதத்தில் இந்தத் தொகை என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது பையனின் பஸ் பாஸுக்கும் வாடகையில் குறைகிற பணத்துக்கும் அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு இன்றைக்கு அரிசி கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு பேரனை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். இருபது வருடம் சாயப்பட்டறையில் கிடந்த கை. உள்ளங்கை வழவழவென்று இருக்கும், ரேகையே இல்லை. மிஷினில் வலது பெருவிரல், இடது பெருவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைத்தும் விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கடைக்காரர் "இன்னொரு நாள் வாங்கம்மா" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஆனால் இன்னொரு நாள் என்றால் அக்காவுக்கு ஒரு ஷிப்ட் போகும்.

நவம்பர் 5, புதன்

ஐப்பசிப் பௌர்ணமி. அவிநாசி கோயிலில் அன்னாபிஷேகம். அண்ணன் வீட்டிலிருந்து அம்மாவும் வந்திருந்தார். லிங்கம் முழுக்க வெள்ளைச் சோறு சாத்தியிருந்ததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பழைய கதை ஆரம்பித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மானாவாரி பூமி. கம்பும் சோளமும் ராகியும்தான் விளையும். தினமும் களி, தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல். நெல்லுச்சோறு என்பது நோம்பிக்கும் கல்யாணத்துக்கும்தான். அம்மாவுக்கு இப்போது எழுபது. பள்ளிக்கூடம் போனதே மதியச் சோற்றுக்காக என்று எப்போதும் சொல்வார். காமராஜர் 1956-ல் ஆரம்பித்த மதிய உணவு. அறுபதுகளில் அதற்கு அமெரிக்காவிலிருந்து மாவும் பால் பவுடரும் கப்பலில் வந்தன. "மஞ்சளா ஒரு மாவு கண்ணு, உப்புமா மாதிரி கிண்டிப் போடுவாங்க. பால் பவுடர் நாக்குல ஒட்டிக்கும்" என்றார். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறதாம்.

அந்த நாடுதான் 1964-ல் தன் ஏழைகளுக்கு, இன்றைய ஸ்நாப்புக்கு முன்னோடியான உணவு முத்திரைச் சட்டமும் கொண்டுவந்தது. நம் பக்கம் பொள்ளாச்சிக்காரர் சி. சுப்பிரமணியம் அப்போது மத்திய உணவு அமைச்சர். வெளிநாட்டுக் கோதுமைக் கப்பல் எப்போது வரும் என்று காத்திருந்த நாட்டில் 1965 ஜனவரியில் தஞ்சாவூரில் இந்திய உணவுக் கழகத்தைத் தொடங்கி, புது விதைகளைக் கொண்டுவந்து, கிடங்கில் தானியம் சேர வழி செய்தார். 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்து ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டபோது அது சென்னையிலும் நம் கோவையிலும்தான் தொடங்கியது. அம்மாவுக்கு இந்த வருடமெல்லாம் தெரியாது. "கோயமுத்தூர்ல ஒரு ரூவாய்க்கு அரிசியாம்னு ஊரே பேசுச்சு" என்பது மட்டும் தெரியும்.

நவம்பர் 9, ஞாயிறு

காங்கேயம் பக்கம் அண்ணன் தோட்டத்துக்குப் போனோம். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் பேச்சு இங்கேதான் வந்து நின்றது. இரண்டு மணி நேரம். நினைவு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் சொன்னார்: "அம்மிணி, தேங்காய் பொறுக்க ஆள் கெடையாது. கேட்டா, அரிசி ஓசியா வருது, எதுக்கு வெயில்ல காயோணும்ங்கறாங்க. இதையெல்லாம் பாதியாக் கொறைக்கோணும்."

"ஆள் வராததுக்கு அரிசிதான் காரணமுங்களா அண்ணா? காலைல ஆறு மணிக்கு உங்க ஊர் முக்குல கம்பெனி வேன் எத்தனை நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க. நெழல்ல உக்காந்து தைக்கற வேலை கெடைச்சா அவங்க அங்கதானுங்க போவாங்க."

அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. அடுத்ததற்குத் தாவினார். ரேஷன் அரிசி பல்லடம் பக்கம் கோழித் தீவனமாகப் போகிறது, வாளையார் தாண்டிக் கேரளாவுக்குப் போகிறது, மாவுக் கடைக்காரன் அரைக்கிறான். இது பொய்யில்லை. மூட்டை மூட்டையாகப் பிடிபடுவது பேப்பரில் அடிக்கடி வருகிறது. ரேஷனுக்கு அரசு ஆண்டுக்கு 10,000 கோடிக்கு மேல் செலவழிப்பதும் உண்மை. அந்தக் கோபம் நியாயம் என்றே சொன்னேன். ஆனால் லாரியில் ஏற்றுகிறவனைப் பிடிக்காமல் எதிர்வீட்டு அக்காவின் பையில் கை வைப்பது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் நான் கேட்கக் கூடாததைக் கேட்டேனோ என்னவோ. "உங்க மோட்டாருக்குக் கரண்ட் பில் வருதுங்களா?"

அண்ணன் முகம் மாறிவிட்டது. "அதும் இதும் ஒண்ணா? நான் வெளைய வெச்சு ஊருக்குச் சோறு போடறன்."

ஒன்றில்லை, தெரியும். அதை இலவசம் என்று கேலி செய்யவும் எனக்கு வாய் வராது. மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் நின்ற விவசாயிகளைப் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். எங்கள் அப்பா அந்தப் பேச்சை எடுத்தாலே குரல் உடைந்துவிடும். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு திரட்டிய கூட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகப் பெருகியது. எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் என்று 1990-ல் வந்தது. அதில் பத்து ஏக்கர்க்காரர், ஒரு ஏக்கர்க்காரர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்திருந்தால் ஒரு ஏக்கர்க்காரர்தான் முதலில் கோட்டுக்கு வெளியே போயிருப்பார், சிட்டா, அடங்கல் என்று நிலக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார். இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி இருந்தார்.

பிறகு அவர் சொன்னதுதான் அவருடைய உண்மையான வாதம். "எனக்கு எதுக்கு அம்மிணி அரிசி? என்ற கார்டுக்கும் போடறாங்க. இல்லாதவனுக்குக் குடு, வேண்டாங்கல. அளந்து பாத்துக் குடுன்னுதான் சொல்றன்."

நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அளப்பது யார்? மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. எங்கள் தெரு லைன் வீட்டில் நாலு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அங்கே இருக்கும் ஒரு பெண்ணின் விண்ணப்பம் அதனாலேயே திரும்பி வந்தது. வாடகை வீட்டில் மீட்டர் யார் பேரில் இருக்கிறது, எத்தனை குடும்பம் எரிக்கிறது என்று விளக்க அவள் இரண்டு முறை லீவு போட்டாள். மூன்றாம் முறை போகவில்லை.

மத்திய அரசு 1997-ல் வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று ரேஷனைப் பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லாருக்கும் கொடுத்துவந்தது. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் 2016 நவம்பரில்தான் சேர்ந்தது. அதன்படி மத்திய ஒதுக்கீடு நம்மில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான், அதுவும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து. மீதியை மாநிலம் தன் காசில் போடுகிறது. எங்கள் பின்வீட்டில் இருக்கும் பீகார் குடும்பத்தில் நாலு பேர். ஊரில் எடுத்த கார்டில் இரண்டு பேர் பெயர்தான் இருக்கிறது. இங்கே கடையில் அவர்களுக்கு அந்த இரண்டு பேருக்கு 10 கிலோ கிடைக்கிறது. பிள்ளைகள் இரண்டும் பட்டியலுக்குப் பிறகு பிறந்தவை.

கிளம்பும்போது அண்ணன் ஒரு பை கொள்ளும் ஆறு தேங்காயும் வண்டியில் வைத்தார். பேசவில்லை. அம்மாதான் "ரெண்டு பேரும் உங்கப்பன் மாதிரியே" என்றார்.

நவம்பர் 10, திங்கள்

நேற்று அண்ணனிடம் ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதுதான் சொல்லியிருக்க வேண்டியது.

2018, 2019-ல் வேலை நன்றாக ஓடியது. வீட்டுக்காரர் பிரிண்டிங்கில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார். அந்த இரண்டு வருடம் நாங்கள் ரேஷன் அரிசியைச் சாப்பிடவில்லை. பல மாதம் வாங்கவே போகவில்லை, வாங்கிய மாதத்தில் பால்காரரின் மாட்டுக்குக் கொடுத்தேன். அன்றைக்கு அளவுகோலோடு யாராவது வந்திருந்தால் எங்கள் கார்டில் அரிசியை நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தியது சரி என்று நானே சொல்லியிருப்பேன்.

2020 மார்ச் கடைசியில் எல்லாம் பூட்டினார்கள். ஏப்ரலில் அரிசிக் கார்டுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாச் சாமான்களும் வந்தன. பல மாதம் எட்டிப் பார்க்காத கடைக்கு அதே பழைய கார்டை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை, இப்போது ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. எந்த விண்ணப்பமும் எழுதவில்லை. அரிசி போட்டார்கள். அந்த வெயிலில், வட்டம் போட்ட இடத்தில் நின்றுகொண்டு நான் அழுதேன். முகக்கவசம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இந்த ஊரில் ஒரே குடும்பம் ஜூலையில் வசதியாகவும் நவம்பரில் இல்லாமலும் இருக்கும். ஆர்டர் அப்படி. பட்டியல் எடுக்கிறவர் எந்த மாதத்தில் வந்து எங்கள் வீட்டைப் பார்ப்பார்? அண்ணனுக்கு இன்று வேண்டாத அரிசியை அவர் வாங்காமல் விட்டால் போதும். அவர் பெயரை அடித்துவிட வேண்டாம். போர்வெல் வற்றிய 2017-ஐ அவரும் மறந்திருக்க மாட்டார்.

இதை அவருக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

அமெரிக்காவில் அலுவலகங்கள் திறக்கின்றன. உணவு உதவிக்கு அடுத்த செப்டம்பர் வரைக்கும் பணம் ஒதுக்கிவிட்டார்களாம். ஆனால் ஜூலைச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. உதவி நின்ற நாட்களில் அந்த வீடுகளில் என்ன சமைத்தார்கள் என்று தோழியிடம் கேட்டேன். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஒரு வேளையை விட்டார்கள் என்றாள். உணவு வங்கியில் சாமான் கட்டிக் கொடுக்கப் போயிருந்தவள் அவள், கேட்டுத் தெரிந்ததைத்தான் சொல்கிறாள்.

2017 செப்டம்பரில் ஜார்கண்டில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுப் பெண் குழந்தை ஒன்று செத்துப்போனது. ஆதாரோடு இணைக்கவில்லை என்று அவர்கள் ரேஷன் கார்டை அடித்திருந்தார்கள். சோறு சோறு என்று கேட்டே உயிர் விட்டது என்றார் தாய். மலேரியா என்றது அரசு. எதிர்வீட்டு அக்கா விரலைத் துடைத்துத் துடைத்து மிஷினில் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாய் நினைவுதான் வருகிறது.

நவம்பர் 15, சனி

காலையில் தைக்க வேண்டிய கட்டிங் துணி வரவில்லை. மதியம் வரை யூனிட்டுக்கு லீவு என்றார் முதலாளி. சரி, கிடைத்தது நேரம் என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முந்தின ராத்திரியே அவர் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தேன், யாரோ சொன்ன யோசனை.

பெருவிரல் இரண்டும் விழவில்லை. ஆள்காட்டி விழவில்லை. கடைக்காரர் மிஷின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். "மோதிர விரலை வைங்கம்மா, அழுத்தாம, சும்மா வைங்க" என்றார். மூன்றாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. அக்கா நம்பாமல் இன்னொரு முறை வைக்கப் போனார். "போதும்மா, விழுந்திருச்சு" என்று பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

அரிசியை நான் தூக்கிக்கொண்டேன், பருப்பும் எண்ணெயும் அக்கா கையில். வழியில் அண்ணன் போன் செய்தார். திங்கட்கிழமை நான் அனுப்பிய மெசேஜைப் பற்றி ஒன்றுமில்லை. அவர் தோட்டத்தில் களை வெட்ட வரும் ஆத்தாவுக்கு ரெண்டு மாதமாக ரேகை விழவில்லையாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். மோதிர விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.